சின்னப் பாய்ப்படகுக்கு எந்த றேடியோ?

போன எபிசோடில் வைஃபை, 5ஜி, செய்மதி என்று ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு, இடையில் "படகுக்கு ஒரு றேடியோ வாங்கினனாங்கள்" என்று சும்மா ஒரு வசனம் விட்டேன். பிறகு வந்த கேள்விகளில் பாதி அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான். "இந்தக் காலத்தில ஆர் றேடியோ வாங்குவினம்? கையில போன் இருக்குத்தானே?"

நியாயமான கேள்வி. எங்கட வீட்டிலும் இதே கேள்விதான் வந்தது. இலக்கங்களும் கொஞ்சம் கணக்கும் இருக்கிறதால், இதை ஒலியில் சொல்லாமல் இந்த மடலில் எழுதுகிறேன்.

முதலில் படகு. நான், என்ர மச்சான், எங்களோடு படித்த சிநேகிதி ஒருத்தி, மூன்று பேரும் காசு சேர்த்து ஒரு பழைய ரான்சர் 22 வாங்கினோம். யோஹான் ரான்சர் வடிவமைத்து, மொன்றியலுக்கு மேற்கே டோரியோனில் 1970 முதல் கட்டிய படகு அது. நீளம் இருபத்திரண்டரை அடி. வயது எங்களை விடக் கூட. பெயர் "அலை". லொங்குய்ய் கரையில்தான் நிற்கிறது.

ஆறு எண்டு லேசா நினைக்கக்கூடாது

லொங்குய்ய் தெரியாத ரொறன்ரோ ஆக்களுக்கு: மொன்றியல் தீவுக்கு நேர் எதிரே, சென் லோரன்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கிற நகரம். மெற்றோவில் ஆற்றுக்கு அடியால் போகலாம், இல்லாவிட்டால் ஜாக் கார்ட்டியே பாலத்தால் போகலாம். பாலத்துக்குக் கீழே ஓடுகிற நீரோட்டத்துக்கு சென்ற் மரி என்று பெயர். பாய்க்கப்பல் காலத்தில் அந்த ஓட்டத்தை எதிர்த்து மொன்றியல் துறைக்குள் நுழைய நல்ல காற்றுக்காகக் கப்பல்கள் காத்துக்கிடக்கும். இன்றைக்கும் எங்கட சின்ன மோட்டார் அதில் மூச்சு வாங்கும்.

பாலத்துக்கு மேலே, தென்கரையை ஒட்டி கடல்வழிக் கால்வாய் போகிறது. 1959 இல் திறந்தது. சென் லம்பேர் நீர்ப்பூட்டுக்குள் நுழையும் கப்பல் 225 மீற்றர் நீளம், கிட்டத்தட்ட 24 மீற்றர் அகலம் வரை இருக்கலாம். கீழ்ப்பக்கம் போனால் பூஷேவில் தீவுகள், அதற்கப்பால் மொன்றியல் துறைமுகத்துக்கு வந்து போகிற கொள்கலன் கப்பல்கள். அந்த அளவுக் கப்பலுக்கு உங்களைக் கண்டவுடன் பிறேக் பிடிக்க ஏலாது. கப்பலின் முன்பக்கத்துக்கு மிகக் கிட்ட நிற்கிற சின்னப் படகை அதன் மேல்தளத்தில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

இதோடு மே மாதத் தண்ணீரின் குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீருக்குள் விழுந்த ஒருவருக்கு விரல்கள் சொன்னதைக் கேட்கிறது கொஞ்ச நேரம்தான்.

இதையெல்லாம் வீட்டில் விளக்கமாகச் சொன்னது நான்தான். அம்மா எல்லாத்தையும் கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை வைத்தா: "நீ கூப்பிட்டா ஆருக்கோ கேக்கும் எண்டா மட்டும் போ. அக்காவின்ர பிள்ளையை ஏத்திறதெண்டா, அந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் கேக்கவேணும்." அக்காவின் மகளுக்குப் பத்து வயது.

அப்போது அதை ஒரு தாயின் பயம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். கடைசியில் எந்த றேடியோ என்று தீர்மானித்ததே அந்த இரண்டாவது வசனம்தான்.

போன் ஏன் போதாது?

உண்மையைச் சொன்னால், லொங்குய்ய்க்கு முன்னால் போன் வடிவாக வேலை செய்யும். இரண்டு பக்கமும் நகரம். "சிக்னல் இல்லை" என்ற காரணம் இங்கே எடுபடாது. கீழே சொரெல் தாண்டி சென் பியர் ஏரி, இன்னும் கீழே கரை அகன்று போகிற இடங்கள் என்று போனால்தான் சிக்னல் பிரச்சினை வரும்.

மற்றக் காரணங்கள் வேறு. போன் ஒருவரை ஒருவரோடு இணைக்கிற கருவி. எதிரே வருகிற கப்பலின் கப்டனுடைய நம்பர் உங்களிடம் இல்லை. 911 எடுத்தால் கேட்பவர் தெருப் பெயர் கேட்பார். றேடியோவில் 16 ஆம் சனலில் நீங்கள் பேசினால், எட்டும் தூரத்தில் றேடியோ திறந்து வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கடற்காவல்படைக்கும் கேட்கும், கப்பலுக்கும் கேட்கும், அரைக் கிலோமீற்றர் தள்ளி மீன் பிடிக்கிற தாத்தாவுக்கும் கேட்கும். உங்களைக் காப்பாற்றப் போகிறவர் பெரும்பாலும் அதிகாரி இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்தான்.

எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை. 1986 ஓகஸ்ட் 11 ஆம் திகதி, நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களைக் கண்டது கடற்படைக் கப்பல் இல்லை. கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன். அவர் அந்தப் பக்கம் போனபடியால்தான் கண்டார். பிறகு அவர்களில் பெரும்பாலானோர் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். உங்களில் சிலருக்கு அது குடும்பக் கதையாகவே இருக்கலாம். பக்கத்தில் நிற்கிறவர் தற்செயலாகக் காணும்வரை காத்திராமல், அவரை நாங்களே கூப்பிட வழி வைத்திருப்பதுதான் 16 ஆம் சனல்.

இன்னும் ஒன்று: நனைந்த விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது. உறை போட்ட கைக்கும் கீழ்ப்படியாது.

உயரம்தான் எல்லாம்

படகு றேடியோ வி.எச்.எவ். அலைவரிசையில் வேலை செய்கிறது. 16 ஆம் சனல் என்பது 156.8 மெகாஹேர்ட்ஸ். இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்தால் முடிந்தது. அதனால் எட்டும் தூரத்தை முதலில் தீர்மானிப்பது அன்ரெனாவின் உயரம். வாற் கணக்கு அதற்குப் பிறகுதான்.

கணக்கு லேசு. அன்ரெனா தண்ணீருக்கு மேல் எத்தனை மீற்றர் என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். அவ்வளவு கிலோமீற்றரில் அதன் தொடுவானம். மற்றப் பக்கத்து அன்ரெனாவுக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்டுங்கள்.

படகில் இருந்தபடி கையில் பிடிக்கிற றேடியோ, உயரம் 1 மீற்றர்: 4 கிலோமீற்றர். அதேபோல இன்னொருவரும் கையில் வைத்திருந்தால் கூட்டி 8.

பாய்மரத்தின் உச்சியில் அன்ரெனா, உயரம் 9 மீற்றர்: 12 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். அப்படியான இரண்டு படகுகளுக்கு இடையில் 24 க்கு மேல்.

கப்பலின் உச்சியில் 36 மீற்றர் உயரத்தில் அன்ரெனா இருந்தால் அதன் பங்கு மட்டும் 24 க்கு மேல். கைறேடியோவோடு கூட்டினால் 28 க்கு மேல், பாய்மர உச்சியோடு கூட்டினால் 37.

இது தடங்கல் ஒன்றும் இல்லாத கணக்கு. கட்டடம், தீவு, பாலம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். ஆனாலும் ஒப்பீடு மாறாது. பாய்ப்படகில் இருக்கிறவருக்கு இது இலவசமாகக் கிடைக்கிற சலுகை. மோட்டார் படகுக்காரர் அன்ரெனாவை உயர்த்தத் தடி தேடவேணும். எங்களுக்கு ஒன்பது மீற்றர் தடி நடுவிலேயே நிற்கிறது.

கைறேடியோவா, பொருத்துகிற றேடியோவா?

கைறேடியோக்கள் பொதுவாக 5 அல்லது 6 வாற். படகில் பொருத்துகிற றேடியோ 25 வாற். சட்டப்படி அதற்கு மேல் இல்லை. இரண்டிலும் 1 வாற் நிலை ஒன்று இருக்கும். பக்கத்தில் கதைக்க அதுதான் மரியாதை. 25 வாற்றில் கத்தினால் முழு ஆற்றையும் அடைத்துவிடுவீர்கள்.

சிநேகிதி கைறேடியோப் பக்கம் நின்றாள். அவளுடைய வாதம் பலமானது. கம்பி இழுக்கத் தேவையில்லை, பற்றரி அதுக்குள்ளேயே இருக்கு, தண்ணீருக்குள் விழுந்தால் மிதக்கும், உயிர்காப்பு அங்கியில் கொளுவலாம். "மரம் முறிஞ்சா உங்கட உச்சி அன்ரெனாவும் தண்ணிக்குள்ளதானே போகும்?" என்று கேட்டாள். அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. மரம் முறிகிற நாள்தான் றேடியோ கட்டாயம் வேண்டிய நாள்.

மச்சான் பெரிய றேடியோப் பக்கம். அவனுக்கு ஏ.ஐ.எஸ். வேணும். பெரிய கப்பல்கள் தங்கள் பெயர், இடம், திசை, வேகம் எல்லாவற்றையும் தானாக ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன. அதை வாங்கித் திரையில் காட்டுகிற றேடியோக்கள் இருக்கின்றன. ஸ்ராண்டர்ட் ஹொரைசனின் ஜி.எக்ஸ். 2400 அப்படியானது. மூடுபனியில் அது பெரிய உதவி. ஆனால் நாங்கள் பார்த்த கடைகளில் சாதாரணப் பொருத்து றேடியோவை விட அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை.

பற்றரிக் கணக்கும் போட்டோம். பொருத்துகிற றேடியோ சும்மா கேட்டுக்கொண்டு இருந்தால் அரை அம்பியருக்கும் குறைவு. பத்து மணித்தியாலத்துக்கு 5 அம்பியர் மணி என்று வைத்தாலும், படகுப் பற்றரிக்கு அது பெரிசில்லை. 25 வாற்றில் பேசும்போது 5, 6 அம்பியர் இழுக்கும். ஆனால் அது சில விநாடிகளுக்குத்தான்.

சிவப்பு மூடிக்குள் இருக்கிற பட்டன்

இங்கேதான் அம்மாவின் இரண்டாவது வசனம் திரும்ப வந்தது. மூன்று பேரும் எட்டும் தூரம், வாற், விலை என்று வாதாடிக்கொண்டு இருந்தோம். அம்மா கேட்டது வேறு: தண்ணிக்குள்ள விழுந்தது நானெண்டா, படகில மிஞ்சி நிக்கிறது ஆர்?

பெரிய ஆள் ஒருவர் தண்ணீருக்குள். படகில் பத்து வயதுப் பிள்ளை. பாய் அடிக்கிறது. அந்தப் பிள்ளை எந்தச் சனல் என்று தேடி, எங்கே நிற்கிறோம் என்று பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ விளக்கவேண்டுமா?

தேவையில்லை. டி.எஸ்.சி. என்கிற வசதி அதற்காகத்தான் இருக்கிறது. றேடியோவில் சிவப்பு மூடி ஒன்று. திறந்து, உள்ளே இருக்கிற பட்டனை சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். றேடியோ 70 ஆம் சனலில், குரல் இல்லாமல், அரை விநாடி நீளமான இலக்கமுறைச் செய்தி ஒன்றை அனுப்பும். அதில் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். தருகிற இடமும் நேரமும் இருக்கும். பதில் வரும்வரை கிட்டத்தட்ட நாலு நிமிடத்துக்கு ஒருதரம் தானாகத் திரும்ப அனுப்பும். சுற்றவர இருக்கிற டி.எஸ்.சி. றேடியோக்கள் எல்லாம் அலறும், கரையில் கடற்காவல்படைத் திரையிலும் வரும். குரல் மங்கிப்போகிற தூரத்திலும் அந்தச் சின்னச் செய்தி போய்ச்சேர வாய்ப்புக் கூட.

அதன் பிறகு 16 இல் குரலில் பேசலாம். பேச முடியாவிட்டாலும், யார், எங்கே என்ற இரண்டும் போய்விட்டது.

இதில் மூன்று விசயம் கவனிக்க வேணும்.

ஒன்று, அந்த ஒன்பது இலக்க எண். இது எம்.எம்.எஸ்.ஐ. என்று அழைக்கப்படும். கனடாப் படகுகளுக்கு 316 இல் தொடங்கும். மத்திய அரசின் புத்தாக்கம், விஞ்ஞானம், பொருளாதார அபிவிருத்தித் திணைக்களம் இலவசமாகத் தருகிறது. படகின் விபரமும் கரையில் ஆரைக் கூப்பிடவேணும் என்பதும் அதோடு பதிவாகும். எண் போடாத றேடியோவில் சிவப்புப் பட்டன் வெறும் அலங்காரம்.

இரண்டு, ஜி.பி.எஸ். றேடியோவுக்குள்ளேயே இருக்கவேணும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து கம்பி கொடுக்கவேணும். ஐகொம் எம். 330, ஸ்ராண்டர்ட் ஹொரைசன் ஜி.எக்ஸ். 1400 இரண்டுமே ஜி.பி.எஸ். உள்ளதாகவும் இல்லாததாகவும் விற்கின்றன. ஜி.பி.எஸ். உள்ளதன் பெயர்க் கடைசியில் "ஜி" எழுத்து நிற்கும். விலை வித்தியாசம் சின்னது. கம்பி இழுக்கிற தலையிடி பெரிசு. "ஜி" எடுங்கோ.

மூன்று, பழைய றேடியோ வாங்குகிறவர்களுக்கு. இந்த எண்ணை ஒன்றிரண்டு தடவைக்கு மேல் மாற்றப் பெரும்பாலான றேடியோக்கள் விடாது. முந்தின சொந்தக்காரரின் எண் உள்ளே இருந்தால், நீங்கள் உதவி கேட்கும்போது அவருடைய படகைத்தான் தேடுவார்கள். வாங்க முதல் கேளுங்கள்.

டி.எஸ்.சி. உள்ள கைறேடியோவும் இருக்கிறது. ஸ்ராண்டர்ட் ஹொரைசனின் எச்.எக்ஸ். 890 இல் 6 வாற், ஜி.பி.எஸ்., டி.எஸ்.சி. எல்லாம் இருக்கு, மிதக்கவும் செய்யும். பற்றரி, கம்பி ஒன்றும் இல்லாத சின்னப் படகுக்கு அதுதான் என் முதல் பரிந்துரை. அதன் தம்பி எச்.எக்ஸ். 210 உம் 6 வாற், மிதக்கும், மலிவு. ஆனால் அதில் டி.எஸ்.சி. இல்லை.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதேங்கோ

றேடியோவுக்கு முன்னூறு டொலர் கொடுத்துவிட்டு, உச்சிக்குப் போகிற கேபிளில் மலிவு பார்க்கிற ஆக்கள் கனபேர். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளை 15 மீற்றர் இழுத்தால், இந்த அலைவரிசையில் சக்தியில் சுமார் பாதி வழியிலேயே போய்விடும். 25 வாற் வாங்கி, மேலே 12 வாற். தடித்த ஆர்.ஜி. 213 என்றால் அதே தூரத்தில் சுமார் நாலில் மூன்று பங்கு மேலே போய்ச்சேரும். ஆனால் அது பாரம். சின்ன மரத்தின் உச்சியில் பாரம் கூடினால் படகு கூட ஆடும். இடைப்பட்ட தடிப்பில் ஆர்.ஜி. 8 எக்ஸ். இருக்கிறது. நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

அன்ரெனாவில் "9 டெசிபெல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மயங்காதேங்கோ. அந்த அன்ரெனா சக்தியைத் தட்டையாக அமுக்கி, தொடுவானத்தை நோக்கி அனுப்புகிறது. பாய்ப்படகு காற்றில் சரிந்து ஓடுகிற சாமான். சரிந்தால் ஒரு பக்கத்து அலை தண்ணீருக்குள், மற்றப் பக்கத்தது ஆகாயத்துக்கு. பாய்ப்படகுக்கு 3 டெசிபெல் அன்ரெனாதான் சரி. ஒரு மீற்றர் நீளக் கம்பி, அவ்வளவுதான்.

எழுத்துக் கூட்டிச் சொல்லப் பிறந்த சனம்

வி.எச்.எவ். றேடியோவில் பேசக் கனடாவில் ஒரு சான்றிதழ் வேண்டும். கைறேடியோ என்றாலும் வேண்டும். சுருக்கமாக "ஆர்.ஓ.சி. மரிரைம்" என்பார்கள். கனேடிய பவர் அன்ட் செயில் ஸ்குவாட்றன்ஸ் அமைப்பு படிப்பித்துப் பரீட்சை வைக்கிறது. பிரெஞ்சிலும் எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். கனடா எல்லைக்குள் மட்டும் ஓடுகிற படகுக்குத் தனியாக நிலைய உரிமம் தேவையில்லை. ஆனால் லொங்குய்ய்காரருக்கு ஆசை பிடிக்கிற பயணம் ஒன்று இருக்கிறது. சொரெலுக்கு இறங்கி, றிஷ்லியே ஆற்றில் ஏறி, ஷம்ப்ளி கால்வாயால் சாம்ப்ளேன் ஏரிக்கு. ஏரி எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் போகிறது. அப்போது நிலைய உரிமமும் எடுக்கவேணும்.

படிப்பு எங்களுக்கு லேசாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் பிரெஞ்சு. "மேடே" என்பது 1923 இல் லண்டன் குரொய்டன் விமான நிலையத்து றேடியோ அதிகாரி பிரெடெரிக் மொக்ஃபோர்ட் தெரிவு செய்த சொல். பாரிஸ் விமானிகளுக்கும் விளங்கவேணும் என்று பிரெஞ்சின் "மெதே", எனக்கு உதவி செய், என்பதிலிருந்து எடுத்தது. உயிருக்கு ஆபத்து என்றால் அது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் அவசரம் என்றால் "பான் பான்". இயந்திரம் பழுதானால் பிரெஞ்சில் சொல்கிற "பான்" தான். எச்சரிக்கைக்கு "செக்யூரிற்றே". கியூபெக்கில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு மூன்றும் பாடமாக்கத் தேவையில்லாத சொற்கள்.

இரண்டாவது காரணம் எங்கட பெயர்கள். அல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகிற எழுத்துக்கூட்டல் வரிசை மொன்றியலோடு சம்பந்தப்பட்டது. மொன்றியலில் தலைமையகம் வைத்திருக்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புக்காக, மொன்றியல் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஜோன் போல் வினே முன்னின்று உருவாக்கியது. 31 நாட்டினத்தாரை வைத்துச் சோதித்து, சில சொற்களை மாற்றி, 1956 மார்ச் 1 முதல் இப்போதைய வடிவம் நடைமுறைக்கு வந்தது. வங்கியிலும் மருத்துவமனையிலும் பதினைந்து எழுத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி வளர்ந்த எங்களுக்கு இதில் பயிற்சி ஏற்கனவே உண்டு. படகுக்குச் சின்னப் பெயர் வைத்ததும் இதை யோசித்துத்தான்: அல்ஃபா, லீமா, அல்ஃபா, இந்தியா. அலை.

அபாய அழைப்பின் ஒழுங்கை ஒரு மட்டையில் எழுதி றேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். "மேடே" மூன்று தரம். படகின் பெயர் மூன்று தரம், ஒன்பது இலக்க எண். பிறகு திரும்ப "மேடே", படகின் பெயர், எங்கே நிற்கிறோம், என்ன நடந்தது, என்ன உதவி வேணும், எத்தனை பேர், "ஓவர்". மருமகளுக்கு இது மனப்பாடம். பட்டனை அழுத்தாமல் நடித்துக் காட்டுவாள். பொய் அபாய அழைப்பு குற்றம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இந்த றேடியோ எட்டாத இடம்

வி.எச்.எவ். இன் எல்லையையும் சொல்லவேணும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கனவே கரையிலிருந்து மிகத் தூரத்தில் நின்றார்கள். தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரவில்லை. நேர்கோட்டில் போகிற அலை வளைவைத் தாண்டாது என்ற அதே கணக்குத்தான் அங்கே உயிர்களோடு விளையாடியது. அந்தத் தூரத்துக்குச் செய்மதிதான் வழி. இஸ்ரோவின் புதிய அபாய அறிவிப்புக் கருவி, செய்தி கிடைத்தது என்று படகுக்குப் பதிலும் அனுப்புகிறது.

நாங்கள் எப்போதாவது கீழே வளைகுடாப் பக்கம் போவதென்றால், 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதியைக் கூப்பிடுகிற சின்னக் கருவி ஒன்றை அங்கியில் கொளுவுவோம். அந்தச் செய்மதி வலையமைப்பின் பெயர் கொஸ்பாஸ் சார்சாற். அதன் செயலகம் இருப்பதும் மொன்றியலில்தான். லொங்குய்ய்க்கு முன்னால் சுற்றுவதற்கு அது இப்போது வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் என்ன வாங்கினோம்?

ஜி.பி.எஸ்., டி.எஸ்.சி. உள்ள பொருத்து றேடியோ ஒன்று, ஜி.எக்ஸ். 1400 ஜி. உச்சியில் 3 டெசிபெல் அன்ரெனா. அதோடு மிதக்கிற கைறேடியோ எச்.எக்ஸ். 210 ஒன்று. அது சுக்கான் பிடிக்கிறவரின் அங்கியில். கேபிள், இணைப்பிகள் எல்லாம் சேர்த்து அறுநூறு டொலருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. மச்சானின் ஏ.ஐ.எஸ். அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்போனது. அவன் இன்னும் முணுமுணுக்கிறான். அந்த முணுமுணுப்பில் நியாயமும் இருக்கிறது: மூடுபனி அதிகமான இடத்தில் படகு வைத்திருப்பவர் என்றால் அவன் சொல்வதைத்தான் கேட்கவேணும்.

வல்வெட்டித்துறைப் பெரியப்பாவுக்கு இந்தச் செலவு பிடிக்கவில்லை. "அன்னபூரணி அமெரிக்கா போகேக்கை அவையளிட்ட என்ன பட்டன் இருந்தது?" என்று கேட்டார். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச்சேர்ந்தது உண்மை. "பெரியப்பா, அவையள் பரம்பரையாக் கடலோடின ஆக்கள். நாங்கள் ரெண்டு கோடை ஓடின ஆக்கள்" என்றேன். அதற்குப் பிறகு அவர் றேடியோவைக் கையில் எடுத்து, எந்தப் பக்கம் எது என்று கேட்கத் தொடங்கினார்.

உங்களுக்குச் சுருக்கமாக: பற்றரி இல்லாத சின்னப் படகு என்றால் டி.எஸ்.சி. உள்ள மிதக்கிற கைறேடியோ. காசு அதற்கும் காணாது என்றால் டி.எஸ்.சி. இல்லாத கைறேடியோ, அதுவும் ஒன்றுமில்லாததை விட எவ்வளவோ மேல். பற்றரியும் மரமும் இருக்கிற படகு என்றால் ஜி.பி.எஸ்., டி.எஸ்.சி. உள்ள பொருத்து றேடியோ முதலில், கைறேடியோ இரண்டாவது, ஏ.ஐ.எஸ். மூன்றாவது. வாங்கினவுடன் சனல் அமைப்பைக் கனடாவுக்கு மாற்றுங்கள், எண்ணைப் பதியுங்கள். "கேக்குதோ" என்று சோதிக்க 16 ஐப் பாவிக்காதேங்கோ. மரினாக்கள் கேட்கிற 68 இருக்கு.

கடைசியாக, வாங்கின பிறகு அதைத் திறந்து வையுங்கள். றேடியோ உள்ள படகு 16 ஐக் கேட்டுக்கொண்டு இருக்கவேணும் என்பது விதி. பாட்டுக் கேட்க இடைஞ்சல் என்று அதை மூடி வைக்கிற ஆக்களை ஆற்றில் கண்டிருக்கிறோம். பூஷேவில் தீவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை சிவப்புப் பட்டனை அழுத்துகிற நாளில், ஆகக் கிட்ட நிற்கிற படகு உங்களுடையதாக இருக்கலாம்.